எச்சில் மருந்து

துப்பிட்டு நிமிர்ந்து பாக்குறேன், ராக்கு சிரிக்கிறா. கையில ரத்தம் சொட்டுது, இவளுக்குச் சிரிப்பு. "ஏக்கா, வெத்திலயத் துப்பிட்டு வாய வைக்கக் கூடாதா? இப்ப எது என் ரத்தம், எது உன் சாறுன்னே தெரியலயே"ங்கிறா. அவ்வளவுதான் தங்கச்சி நடந்தது. சத்தியமா அவ்வளவுதான். இதுக்குப் போயி என்னைத் திருடியப் பிடிச்ச மாதிரி வாயத் திற, வாயத் திறன்னு மாசியிலேருந்து உயிர வாங்குறாங்க.

இல்ல இல்ல, பிள்ளைய என் மடியில விடாத. நீயே வச்சுக்க. என் கை நண்டு வாடை. எலுமிச்சம்பழம் தேச்சுக் குளிச்சாலும் போகாது. அவன் பாட்டுக்குத் தூங்குறான், தூங்கட்டும்.

ராக்கு யாருன்னா, என்கூட நண்டு கட்டுறவ. பக்கத்துப் பலகை. என் பேரு பூமயிலு. நான் மல்லிப்பட்டினத்துல ஏறினேன்ல, அங்கதான் கம்பெனி. கம்பெனின்னதும் பெருசா நெனச்சுக்காத. ஒரு தகரக் கொட்டகை, சிமெண்டுத் தொட்டி, ஒரு தராசு. சேத்து நண்டு வரும். உசிரோட சிங்கப்பூருக்குப் போகும். உசிரு இருக்கணும், ஆனா கையக் கால அசைக்கக் கூடாது. மருமக எப்படி இருக்கணும்னு என் சம்பந்தியம்மா நெனக்குதோ, அந்த மாதிரி.

கட்டுறது லேசு இல்ல. கால் பெருவிரலால நண்டு முதுகுல ஒரு அழுத்து. கொடுக்க விரிச்சுக்கிட்டு நம்மள முறைக்கும். நனைச்ச சணல் கயிறு, ஒரு நுனி பல்லுல, ஒரு நுனி கையில. இந்தக் கொடுக்கச் சுத்தி, வயித்தச் சுத்தி, அந்தக் கொடுக்கச் சுத்தி ஒரு முடிச்சு. நீ ஒரு வாய் காப்பி குடிக்குற நேரத்துல நான் கட்டித் தொட்டியில போட்டுருவேன். கால் கொஞ்சம் வழுக்குச்சோ, போச்சு. ஒரு கவ்வு கவ்வும் பாரு, செத்துப்போன புருசன் ஞாபகம் வந்துரும்.

அத எங்க கொட்டகையில கடிச்சிருச்சுன்னு சொல்லக் கூடாது. முத்தம் குடுத்துருச்சுன்னுதான் சொல்லணும். எவளாவது வாய் தவறிக் கடின்னு சொல்லிட்டா அன்னைக்கு எல்லாருக்கும் விழும். முத்தம் விழுந்தா நேரா என்கிட்ட வந்துருவாங்க. நான் காயத்துல வாய வச்சு உறிஞ்சி, துப்பி, ஊதி விடுவேன். வலி நின்னுரும்.

நான் கால் முன்னால பொறந்தவ தங்கச்சி. கால் முன்னால பொறந்தவங்க மிதிச்சா சுளுக்கு போகும்னு உங்க பக்கம் சொல்வாங்கல்ல? எனக்கு அந்தச் சக்தி கால்ல தங்கல. நானும் சின்ன வயசுல ஒருத்தர் இடுப்ப மிதிச்சுப் பாத்தேன், அவரு அப்புறம் எழுந்திரிக்கவே ஒரு வாரம் ஆச்சு. சக்தி நேரா மேல ஏறி எச்சில்ல நின்னுருச்சு. நானா சொல்லல. கொட்டகையில எல்லாரும் சொன்னதுதான். முதலாளி மக விரல்ல ஊசி குத்தினப்பக்கூட என்னைத்தான் கூப்பிட்டாங்க. அப்ப இருந்த மரியாத என்ன, இப்ப இருக்குற மரியாத என்ன.

சரி, ராக்குவுக்கு வர்றேன். முத்தம் விழுந்தது இடது கையில, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல. சின்னக் காயம், ஒரு மொளகு அளவு. எனக்கு அந்த வாரம் தொண்டை கட்டி, எச்சில் முழுங்க முடியல, காய்ச்சல் வேற. இவ வலியில துடிக்கிறாளேன்னு அந்த நெலமையிலயும் எழுந்து போயி வாய வச்சேன். வேற எவ வைப்பா? அந்த நன்றி வேணாமா?

மறுநா காலையில வேலைக்கு வரல. வீட்டுல போய்ப் பாத்தா கத்துறா. பிரசவத்துக்குக்கூட அந்தக் கத்து கத்தல அவ. காயம் அதே மொளகு அளவுதான், ஆனா தொடவிட மாட்டேங்குறா. கை மணிக்கட்டு வரைக்கும் செவந்து கிடக்குது. அவ புருசன் ஆட்டோ புடிக்கவான்னு கேட்டான். நான் சொன்னேன், "எதுக்கு ஆட்டோ? அதான் நான் உறிஞ்சியாச்சே. விஷம் வெளிய வர்ற நேரம், வலிக்கத்தான் செய்யும்"னு. மஞ்சப் பத்துப் போடச் சொல்லிட்டு வந்தேன். சாயங்காலம் பாத்தா செவப்பு முழங்கைக்கு ஏறிருச்சு. கத்திரிக்கா நெறத்துல அங்கங்க கொப்புளம். ராக்கு கத்துறத நிறுத்திட்டா. அதான் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அவ வாய மூடி நான் பாத்ததே இல்ல.

அன்னைக்கே ஆட்டோவுல ஏத்துனோம். ஆஸ்பத்திரியில ஒரு பெரிய டாக்டரு கையப் பாத்தாரு, நேரா ஆபரேசன் அறைக்குத் தள்ளிட்டுப் போகச் சொல்லிட்டாரு. அறுத்து எடுத்தாங்க. மறுநா திரும்ப அறுத்தாங்க. தோலுக்குக் கீழ தசை இருக்குல்ல, அதுக்கு மேல ஒரு ஜவ்வு மாதிரி போகுமாம், நண்டு ஓடு உரிச்சா உள்ள இருக்கும் பாரு, அது மாதிரி. அந்த வழியா ஒரு கிருமி ஓடிருச்சாம். தசை திங்குற கிருமியாம். நாம தோல மட்டும் பாத்து ஒண்ணுமில்லன்னு நெனப்போம், அது உள்ளுக்குள்ள பந்தி போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்குமாம். வலி பெருசா இருக்கும், காயம் சிறுசா இருக்கும், அதான் அடையாளமாம். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆளே இல்லன்னு சொன்னாங்க. அதுக்கு ராக்கு புருசன் என்னைப் பாத்தான். எதுக்குப் பாத்தான்னு தெரியல.

பொழச்சுட்டா. பொழச்சுக்கிட்டா. தொடையிலேருந்து தோல எடுத்துக் கையில தச்சிருக்காங்க. ரெண்டு விரலு மடங்காது. கயிறு கட்ட முடியாது, இப்பத் தராசுல நிக்கிறா. வாய் மட்டும் குறையல. மொத நா வேலைக்கு வந்தப்ப எல்லாரு முன்னாலயும் என்னைப் பாத்து, "நண்டு கொஞ்சம் தின்னுச்சு, மிச்சத்த நீ தின்னுட்ட, ருசி எப்படிக்கா?"ன்னா. கொட்டகையே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அவ அப்பிடித்தான், எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பா.

அப்புறம் வந்தா பாரு அந்த டாக்டர் பொண்ணு. ஷைலஜான்னு பேரு. தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில ஆராய்ச்சி பண்ணுது. இந்த நோவு வந்தப்புறம் அறுக்குறது ஒரு பக்கம், வராமலே தடுக்க என்ன பண்ணலாம்னு பாக்குறதுதான் அதோட வேலையாம். கொட்டகையில எல்லாரையும் வரிசையா உக்கார வச்சு, நீளமா ஒரு பஞ்சுக் குச்சிய எடுத்து, "அம்மா, ஆ சொல்லுங்க"ன்னுச்சு. தொண்டைக்குள்ள விட்டு ஒரு தேய். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. காலையில சாப்பிட்ட மீன் கொழம்பு அது கோட்டு மேலயே போயிருக்கும், நல்லவேள நான் அடக்குனேன்.

அப்புறம் திரும்ப வந்துச்சு. மத்தவங்க யாரையும் பாக்கல. நேரா என்கிட்ட. "பூமயில் அம்மா, உங்களுக்கு மட்டும் இன்னொரு தடவ எடுக்கணும்." கேட்டுக்கிட்டியா? எனக்கு மட்டும். ராக்குகிட்டத் திரும்பி, "பாத்தியாடி, இத்தன வாய் இருக்குது, எந்த வாயத் தேடி வந்திருக்கு"ன்னு சொன்னேன். அவ தராசப் பாத்துக்கிட்டே, "ஆமாக்கா, போலீஸு மோப்ப நாயும் அப்பிடித்தான் நேரா வரும்"ங்கிறா.

என்ன ஆச்சுன்னா, ராக்கு கையில எடுத்த கிருமியும் என் தொண்டையில இருக்குற கிருமியும் ஒண்ணாம். சும்மா ஒரே ஜாதி இல்ல, ஒரே குடும்பமாம். மிஷின்ல போட்டுப் பாத்துட்டாங்களாம். நெறைய பேரு தொண்டையில இது சும்மா குடியிருக்குமாம். ஒரு தொந்தரவும் இல்லாம, வாடகையும் இல்லாம. காயம் வழியா உள்ள போனாத்தான், அதுவும் எப்பவாவது, யாருக்காவது, இப்படி வெறி புடிக்குமாம். ஏன் ஒருத்தருக்குப் புடிக்குது, ஏன் ஒருத்தருக்குப் புடிக்கலன்னுதான் உலகம் பூரா தேடிக்கிட்டு இருக்காங்களாம்.

நான் சொன்னேன், "பாத்துக்கம்மா, அவ விஷம் எனக்கு வந்துருச்சு. உறிஞ்சினேன்ல."

அது, "இல்லம்மா, அன்னைக்கு அவங்க காயம் புதுசு. அப்ப அதுல..."ன்னு ஏதோ ஆரம்பிச்சுச்சு.

நான் முடிக்க விடல. "போகட்டும் விடும்மா. கூட இருந்து வேல பாத்தவ. அவளுக்காக இதக்கூடத் தாங்க மாட்டேனா"ன்னேன். அந்தப் பொண்ணு பேனாவ மூடிட்டு என்னையே பாத்துச்சு. என் மனசப் பாத்து அசந்து போயிருக்கும்.

தடுப்பூசி இருக்கான்னு கேட்டேன். இன்னும் இல்லயாம், முயற்சி நடக்குதாம், அதுக்கு நெறைய இடத்துலேருந்து இந்தக் கிருமிய எடுத்துப் பாக்கணுமாம். எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. நாளைக்கு ஒரு ஊசி வருதுன்னு வச்சுக்க, அதுல இருக்குறது என் எச்சில்தான். பேரு போடுவாங்களா? போட மாட்டாங்க.

அது போனப்புறம் கொட்டகையில ஒரு படம் மாட்டிட்டாங்க. குழாய், சோப்பு, கழுவுற கை. அதுக்குப் பக்கத்துல ஒரு வாய், குறுக்க செவப்புல ஒரு கோடு. காயத்துல வாய் வைக்காதீங்கன்னு அர்த்தமாம். சரி, வாய் வரைஞ்சான், வெறும் வாய் வரையக் கூடாதா? வெத்தில போட்ட மாதிரி செவப்பு பூசி வச்சிருக்கான். வர்றவ போறவ எல்லாம், "யக்கா, உன் போட்டோவா"ங்குறாளுங்க. இப்ப எவளும் என்கிட்ட வர்றதில்ல. முத்தம் விழுந்தா குழாய்க்கு ஓடுறாளுங்க. கையில உறை வேற. உறையப் போட்டுக்கிட்டு முடிச்சுப் போடுறது, மீசை ஒட்டிக்கிட்டு முத்தம் குடுக்குற மாதிரி. நான் போட மாட்டேன்.

ஒரு பை நெறைய மாத்திர குடுத்துச்சு அந்தப் பொண்ணு. முழுசாத் தின்னு முடிச்சுட்டு வாங்க, இன்னொரு தடவ குச்சி விட்டுப் பாக்கணும், கிருமி போயிருச்சுன்னு நான் சொல்ற வரைக்கும் பச்சப் புள்ள, பிள்ள பெத்தவ பக்கம் போகாதீங்கன்னுச்சு. பிள்ள பெத்தவளுக்கு உடம்புக்குள்ள காயம்னு அர்த்தமாம், பச்சப் புள்ளைக்குத் தாங்குற தெம்பு இருக்காதாம். ரெண்டு நா தின்னேன். அப்புறம் யோசிச்சேன். கிருமி போனா அது கூடவே சக்தியும் போயிட்டா? மிச்சத்த நண்டுத் தொட்டியில போட்டுட்டேன். ஒரு நண்டு செத்துச்சு. அது எதனால செத்துச்சோ.

இங்கதான் என் வயித்தெரிச்சலே. என் மக செல்வராணி, ஒரே மக, தஞ்சாவூர்ல குடுத்திருக்கு. மொதப் பிரசவம் யாரு வீட்டுல பாக்கணும்? ஆத்தா வீட்டுலதான? இந்தச் சங்கதி எப்படியோ சம்பந்தியம்மா காதுக்குப் போயிருச்சு. வளைகாப்புக்குச் சீர்த் தட்டோட போயி நிக்கிறேன், வாசல்லயே என்னை நிப்பாட்டி, "உங்க வாயில மாமிசம் திங்குற பூச்சி இருக்காமே"ங்குது. வெள்ளி செவ்வாய் நான் கவிச்சி தொடுறதில்ல தங்கச்சி! என் வாயில மாமிசம் திங்குற பூச்சியா? "சம்பந்தி, அப்பிடி ஒரு பூச்சி இருந்திருந்தா மொத ஆளா உங்களத்தான் வந்து கொஞ்சியிருப்பேன்"னேன். அதோட பேச்சு முடிஞ்சது. மகள என்கூட அனுப்பல.

நேத்து பொறந்துருச்சு. பொம்பளப் பிள்ள. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு நர்சிங் ஹோம்ல. செல்வராணியே போன் பண்ணினா. "டாக்டர் சரின்னுட்டாங்களாம்மா?"ன்னு கேட்டா. நான் என்ன சொல்றது? "சரின்னுட்டாங்கடி"ன்னுட்டேன். பொய்யா? பொய்தான். இத்தன வருசம் சொன்ன உண்மைக்கு என்ன கண்டேன்? "அப்ப நீ வந்துதாம்மா சேன வைக்கணும்"னா. கேட்டதும் அழுதுட்டேன்.

சேன உங்க பக்கமும் உண்டுல்ல? மொத மொத பிள்ள நாக்குல சக்கரத் தண்ணி தொட்டு வைக்குறது. யாரு வைக்குறாங்களோ அவங்க கொணம் பிள்ளைக்கு வரும். சம்பந்தியம்மா வச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. அந்தக் கொணத்தோட இன்னொரு உருப்படியா? பூமி தாங்குமா? நர்ஸம்மா தாய்ப்பாலத் தவிர எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காம். அவங்க அந்தப் பக்கம் திரும்பட்டும், நான் முடிச்சுருவேன். கற்கண்டு வாங்கியிருக்கேன். கரைச்சு, விரல்ல தொட்டு, இனிப்பு சரியா இருக்கான்னு என் நாக்குல ஒரு தடவ வச்சுப் பாத்துட்டு, அப்பிடியே அவ நாக்குல. எங்காத்தா எனக்கு அப்பிடித்தான் வச்சுச்சு. செல்வராணிக்கும் அப்பிடித்தான்.

இப்ப பஸ் ஸ்டாண்டுல இறங்கி நேரா அங்கதான் போறேன்.

என்ன, ஏதோ கேக்க வாயெடுத்த. கேளு. என்ன?

தொண்ட வலி மொதல்லயா, ராக்குவுக்கு முத்தம் விழுந்தது மொதல்லயாவா?

நீ என்ன நர்ஸா? ஓ, டீச்சரா. அதான்.

தொண்ட வலிதான் மொதல்ல. சனிக்கெழம சந்தைக்கே போகல நான். மொளகு ரசம் வச்சுக் குடிச்சுட்டுச் சுருண்டு கெடந்தேன். பக்கத்து வீட்டுக்காரிதான் கஞ்சி கொண்டாந்தா. ஞாயித்துக்கெழமயும் எழுந்திரிக்கல. திங்கக்கெழம கூலி போயிரும்னுதான் போனேன். போனதும்தான் இவளுக்கு முத்தம் விழுந்துச்சு.

ஆமா. மொதல்ல தொண்டதான்.

அதுக்கென்ன இப்ப?

இங்க வெயிலப் பாரு, ஆவணி மாதிரியா இருக்கு. மழையக் காணோம். எங்க பக்கமாவது கடக் காத்து இருக்கும்.

நீ நல்லாத்தான் பாடம் எடுப்ப போல. அந்த டாக்டர் பொண்ணும் இதத்தான் சொல்ல வந்துச்சோ என்னமோ. நான்தான் பேச விடல. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். சின்னதுலேருந்து.

இரு, போன் அடிக்குது. செல்வராணிதான்.

ம், சொல்லுடி. வந்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஒரத்தநாடு தாண்டியாச்சு. அழுவுதா? பசிக்கும். பால் குடு. வரலன்னா வர்ற வரைக்கும் வச்சுப் பழக்கு, வந்துரும், உனக்கும் அப்பிடித்தான் லேட்டா வந்துச்சு. நர்ஸம்மா சொன்ன மாதிரி பால் மட்டும் குடு. எனக்குன்னு காத்திருக்காத. கற்கண்டா? அது பையில எங்கயோ அடியில கெடக்கு. உன் மாமியாரா? என்னவாம் அதுக்கு? நான் பிள்ளையத் தொடக் கூடாதாமா? சரி, சரின்னு சொல்லு. இல்ல, கோவமா சொல்லல, சரின்னுதான் சொல்றேன். என்னடி உனக்கு, நான் சரின்னு சொன்னாலும் சந்தேகமா? வையி, சத்தமே கேக்கல.

என்னைப் போலவே மூக்காம் பிள்ளைக்கு. பாவம்.

ராக்கு அந்தக் கையிலதான் அவ பேத்திய மொதல்ல தூக்கினா. விரலு மடங்காம, தட்டு ஏந்துற மாதிரி ஏந்திக்கிட்டு. நான் கதவாண்ட நின்னேன். "உள்ள வாக்கா"ன்னா. அவதான் கூப்பிட்டா. நான் நண்டுக்குத் தண்ணி மாத்தணும்னு வந்துட்டேன்.

முழிச்சுட்டானா? பால் புட்டி மேல இருக்குற பையிலயா? அத எதுக்கு அங்க வச்ச? பஸ்ஸு ஆடுற ஆட்டத்துல பிள்ளையும் கையுமா எழுந்து எடுக்க முடியாது. சரி குடு, ஒரு நிமிசம். நண்டு வாடைய அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்.

வாங்க தொர. அடேயப்பா, என்னா கனம்.

இல்ல, இப்பிடி வேணாம். என்னைப் பாக்க வேணாம். ஜன்னல் பக்கம் திரும்பி உக்காரு ராசா. முதுகு என் பக்கம் இருக்கட்டும். அந்தா பாரு ஆடு. அந்தா தென்ன மரம். கையக் கொண்டாந்து என் வாயில வைக்காத, கம்பியப் புடிச்சுக்க. ஆங், அப்பிடி.

புட்டி கெடச்சுதா? மெதுவா இறக்கு.

ஏ கண்டக்டர் தம்பி, என்ன ஸ்டாப்பு சொன்ன? பெரியாஸ்பத்திரியா? விசில ஊதிராத, இரு.

இந்தா தங்கச்சி, பிள்ளையப் புடி. கால ஒதுக்கிக்க.